ஊருக்குப் போகும் பையில் எந்தப் பின்னல்?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். ரிசர்வேஷன் கிடைத்ததா, ஆபீசில் எத்தனை நாள் லீவு சாங்ஷன் ஆயிற்று, ஊரில் யார் யாருக்கு என்ன வாங்குவது என்பதே அந்தப் பேச்சு. துணிமணி, தின்பண்டம், குழந்தைகளின் மருந்து எல்லாம் பெட்டிக்குள் போன பிறகு, புறப்படும் அவசரத்தில் கடைசியாக நினைவுக்கு வருவது கைவேலைப் பை. பாதியில் நிற்கும் ஸ்வெட்டர் ஒன்று, நூல் உருண்டைகள் நாலைந்து, ஊசி இரண்டு ஜோடி என்று கையில் கிடைத்ததைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பதினைந்து நாள் கழித்துத் திரும்பும்போது அந்த ஸ்வெட்டர் நாலு விரற்கடை வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். அது நன்றாக வளர்ந்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கும் அம்மாவோடு உட்கார்ந்து பேசவேண்டிய பொழுதைக் கண்ணி எண்ணுவதிலேயே கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆகவே விடுமுறைக்கு எந்தப் பின்னலை எடுத்துச் செல்வது என்பது அற்ப விஷயம் அல்ல. நூலுக்குக் கொடுத்த பணம், கிடைத்த லீவு, ஊரில் காத்திருக்கும் மனிதர்கள் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன.

போகும் இடத்தை முதலில் பாருங்கள்

நாகலாபுரத்துக்குப் போகிறவர்களையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சுமார் 70 கிலோ மீட்டரில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது இந்த ஊர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லையோர ஊர் ஆதலால் தமிழும் தெலுங்கும் அங்கே கலந்து ஒலிக்கின்றன. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பது வரலாறு. மச்சாவதார மூர்த்தியாகத் திருமால் எழுந்தருளியிருக்கும் வேதநாராயண சுவாமி கோயில் ஊருக்குப் பெருமை சேர்க்கிறது.

பெங்களூரிலிருந்து போகிறவர்கள் சித்தூர் வழியாகத் திருப்பதிக்கோ புத்தூருக்கோ போய், அங்கிருந்து வேறு பஸ் பிடிக்கவேண்டும். மும்பையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே உள்ள புத்தூரில் வண்டி நின்றால் அங்கேயே இறங்கலாம். நிற்காத வண்டியானால் ரேணிகுண்டாவில் இறங்கிப் போகவேண்டும். புத்தூரிலிருந்து நாராயணவனம், பிச்சாட்டூர் வழியாகப் பஸ் பயணம்.

அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் தண்ணீர், சமையல், குளியல் என்று வேலை சரியாக இருக்கும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது. நாலு மணி வரை கூடத்திலோ திண்ணையிலோ உட்கார்ந்து பேசுவார்கள். சாயங்காலம் கோயில், இல்லாவிட்டால் ஆறு கிலோவோ பத்துக் கிலோவோ தள்ளி இருக்கும் உறவினர் வீடு. ஒரு நாள் சுருட்டப்பள்ளிக்குப் போய்ப் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சிவபெருமானைத் தரிசித்து வருவார்கள். இளவட்டங்கள் நாகலா மலை அருவிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இதில் பின்னலுக்குக் கிடைப்பது மூன்றே வேளைகள்: பயணம், நடுப்பகல், காத்திருக்கும் நேரம். மூன்றும் துண்டு துண்டான நேரங்கள். நினைத்த மாத்திரத்தில் எடுக்கவும், கூப்பிட்ட மாத்திரத்தில் வைக்கவும் கூடிய வேலையே இவற்றுக்குப் பொருந்தும்.

மணிக்கணக்கு போட்டுப் பார்க்கவேண்டும்

மாதச் சம்பளத்துக்கு பட்ஜெட் போடத் தெரிந்த நம்மவர்கள் பின்னலுக்கு மட்டும் கணக்குப் போடுவதில்லை. இது கஷ்டமான கணக்கும் அல்ல. நல்ல பழக்கம் உள்ள கை நிமிஷத்துக்கு 20 கண்ணி போடும் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரப் பருமன் உள்ள நூலை 8-ஆம் நம்பர் ஊசியில், அதாவது 4 மில்லி மீட்டர் ஊசியில் பின்னினால், பத்து சென்டி மீட்டர் அகலத்துக்கு 22 கண்ணியும் அதே அளவு உயரத்துக்கு 28 வரிசையும் வரும்.

குழந்தைக் குல்லாய் ஒன்றுக்குச் சுமார் 100 கண்ணி, 56 வரிசை. மொத்தம் 5,600 கண்ணி. ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

40 கண்ணி அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் கொண்ட மப்ளருக்கு 420 வரிசை. வரிசைக்கு இரண்டு நிமிஷம் வீதம் 14 மணி நேரம்.

வளர்ந்த ஆணுக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால் கதையே வேறு. முன்னும் பின்னும் சேர்த்து 40,000 கண்ணி, இரண்டு கைகளுக்கும் இன்னொரு 20,000. ஐம்பது மணி நேரம் உட்காரவேண்டும். கழுத்துப்பட்டை எடுப்பது, பாகங்களை இணைத்துத் தைப்பது எல்லாம் தனி.

ஊரில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஊசி பிடிக்க முடிந்தாலே பெரிய காரியம். பதினைந்து நாளுக்குப் பதினைந்து மணி நேரம். அதில் குல்லாய் இரண்டோ, ஒரு மப்ளரோ முடியும். முழுக்கை ஸ்வெட்டர் ஒருபோதும் முடியாது. முடியாத ஒன்றைச் சுமந்து போவதால் அரைக்கிலோ நூலின் பாரம்தான் மிச்சம். அதை பெங்களூர் வீட்டு அலமாரியிலேயே விட்டுப் போனால் வந்து தொடரலாம்.

வெயிலுக்கு ஏற்ற நூல்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். அந்தச் சூட்டில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. உள்ளங்கை வேர்வையில் நூல் ஒட்டும்; கண்ணி இறுகும்; ஊசியில் நகர மறுக்கும். அக்ரிலிக் நூல் எடை குறைவு என்றாலும் வேர்வையை உறிஞ்சாது.

கோடைக்குப் பருத்தி நூலே சிறந்தது. ஆனால் அதற்கும் சில குணங்கள் உண்டு. கம்பளிபோல் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்காது. ஆகவே கண்ணியில் ஏற்றத்தாழ்வு இருந்தால் பளிச்சென்று தெரியும். அதே அளவு கம்பளிப் பின்னலைவிடக் கனமாகவும் இருக்கும். பருத்தியில் பெரிய உடுப்பு எதையும் தொடங்காமல், குழந்தைச் சட்டை, குல்லாய், கைப்பை, சின்னப் போர்வை என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

ஊசியையும் கவனிக்கவேண்டும். அலுமினிய ஊசி வேர்வை பட்டால் வெளிர் நிற நூலில் சாம்பல் கறை விடுவது உண்டு. மூங்கில் ஊசியில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணியும் வழுக்கி விழாது.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அப்போது கம்பளி தாராளமாகக் கொண்டு போகலாம்.

யாருக்காகப் பின்னுவது?

இன்றைக்குக் கையால் பின்னுவது காசு மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. திருப்பூரிலும் லூதியானாவிலும் இயந்திரங்கள் பின்னலாடைகளை மலைமலையாகக் குவிக்கின்றன. ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய நல்ல நூலின் விலைக்கு, ரெடிமேடாகவே ஒரு ஸ்வெட்டர் வாங்கிவிட முடியும். கைப்பின்னலுக்கு மதிப்பு வருவது, இன்னாருக்கு என்று அளவெடுத்து, அவர் நினைவாகவே செய்யப்படுவதால்தான்.

ஆனால் அந்த இன்னாருக்கு அது உபயோகப்பட வேண்டாமா? நாகலாபுரத்தில் இருக்கும் அப்பாவுக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால், நாலு பேரிடம் காட்டிவிட்டுப் பெட்டியில் வைப்பார். பூச்சி உருண்டையோடு அது அங்கேயே கிடக்கும். அதே அப்பா மார்கழியில் திருமலைக்குப் போகும் வழக்கம் உள்ளவரானால், மப்ளரும் காது மூடும் குல்லாயும் அவருக்கு வரப்பிரசாதம். திருமலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலைத் தரிசனத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அந்தக் குளிரின் அருமை தெரியும்.

அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி உறையோ, வெற்றிலைப் பாக்குப் பையோ போதும். தங்கைக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்றால் பருத்தி நூலில் குல்லாயும் காலுறையும். பள்ளிக்கூடம் போகும் அண்ணன் மகளுக்குத் தோளில் மாட்டும் பை. இவை எல்லாமே விடுமுறைக்குள் முடியக் கூடியவை. ஊரிலேயே அளவு பார்த்து, முடித்து, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம். தபாலில் அனுப்பும் செலவும் இல்லை. அளவு பிசகுமோ என்ற கவலையும் இல்லை.

கண் கேட்காத வேலை

விடுமுறைப் பின்னலுக்கு முதல் இலக்கணம் இதுதான்: அது கையை மட்டும் கேட்கவேண்டும், கண்ணையும் காதையும் கேட்கக்கூடாது. இலை, கொடி, வைரக்கட்டம் என்று வரிசைக்கு வரிசை மாறும் டிசைன்களை ஊருக்குக் கொண்டு போனால், யாராவது பேச வரும்போது, “கொஞ்சம் இரு, எண்ணிக்கொண்டிருக்கிறேன்” என்று கையைக் காட்டவேண்டி வரும். வருஷம் முழுவதும் மகளை எதிர்பார்த்திருந்த தாய்க்கு அந்த ஒரு வார்த்தை உறைக்கும், வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

வடக்கத்திப் பெண்கள் ‘சீதா’, ‘உல்டா’ என்றும், நம்மவர்கள் ‘நிட்’, ‘பர்ல்’ என்றும் சொல்கிற அந்த இரண்டு கண்ணிகளே விடுமுறைக்குப் போதும். எல்லா வரிசையும் நிட் போட்டால் ஒரு விதமான அழகு. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் போட்டால் பட்டை பட்டையாக எழும்பும். மப்ளருக்கு அது மிகப் பொருத்தம், ஓரம் சுருளாது. கை பழகியவர்கள் இவற்றைப் பார்க்காமலே போடுவார்கள்.

எளிய பின்னல் என்றால் மட்டமான பின்னல் என்று யாரும் எண்ணவேண்டாம். எலிசபெத் சிம்மர்மன் என்ற பெண்மணி பின்னல் உலகில் பெரும்புகழ் பெற்றவர். இங்கிலாந்தில் 1910-ல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 1999-ல் மறைந்தவர். மாதத்துக்கு ஒரு பின்னல் வீதம் அவர் எழுதிய புத்தகம் 1974-ல் வெளிவந்தது. கோடை மாதமான ஜூலைக்கு, பயணத்தில் பின்ன ஏற்றது என்று அவர் தேர்ந்தெடுத்தது வட்ட வடிவமான ஒரு சால்வை.

அதன் சூட்சுமம் பள்ளிக்கூடக் கணக்குத்தான். வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் அல்லவா? அதன்படி நடுவில் 9 கண்ணியில் தொடங்கி 18 ஆக்கவேண்டும். மூன்று சுற்றுக்குப் பின் 36. ஆறு சுற்றுக்குப் பின் 72. பன்னிரண்டு சுற்றுக்குப் பின் 144. இருபத்து நாலு சுற்றுக்குப் பின் 288. அதன் பிறகு 48 சுற்றுக்கு யோசனையே வேண்டாம். நிட் கண்ணி போட்டுக்கொண்டே போகலாம்.

இந்த 48 சுற்றும் முடிந்தால் மொத்தம் சுமார் 18,400 கண்ணி. நமது கணக்குப்படி பதினைந்து மணி நேரம். மேலே சொன்ன நூலிலும் ஊசியிலும் சுமார் 70 சென்டி மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் கிடைக்கும். பச்சைக் குழந்தையைச் சுற்றி எடுக்க அது போதும். பெரிய சால்வையாக வேண்டுமானால் 576 கண்ணியாக்கித் தொடரலாம். நடுவில் உள்ள சில சுற்றுகள் மட்டுமே சிக்கலானவை. அவற்றை பெங்களூரிலேயே போட்டு முடித்து, 144-ஐத் தாண்டிய நிலையில் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம்.

பெட்டிக்குள் மடங்கிய ராட்டை

பயணத்துக்கு ஏற்ற கைவேலை என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் காந்தியடிகள். எங்கே போனாலும் நூற்பதை விடாதவர் அவர். ஆனால் பெரிய ராட்டையை ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கையடக்கமான தக்ளி ஒரு வழி. மூடினால் சிறு பெட்டியாகிவிடும் மடக்கு ராட்டை இன்னொரு வழி. அவர் எரவாடா சிறையில் இருந்த 1930-களின் தொடக்கத்தில் சீர்ப்படுத்தப்பட்ட அந்தப் பெட்டி ராட்டைக்கு எரவாடா சக்கரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேலையை விடாமலிருக்க விரும்பியவர், வேலையைப் பயணத்துக்குத் தக்கபடி சுருக்கிக்கொண்டார்.

பின்னலிலும் அப்படிச் சுருக்க வழி உண்டு. நீண்ட நேர் ஊசிகளை ரயில் பெட்டியில் நீட்டினால் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிக்கும். இரண்டு குட்டை ஊசிகளை மெல்லிய பிளாஸ்டிக் கயிறு இணைக்கும் வட்ட ஊசி இப்போது எளிதில் கிடைக்கிறது. அது மடியைத் தாண்டிப் போகாது. ஒற்றை ஊசி நழுவி சீட்டுக்கு அடியில் உருண்டோடும் பயமும் இல்லை. நேராகவும் பின்னலாம், வட்டமாகவும் பின்னலாம்.

இந்த ஊசித் தொழிலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரி மாவட்டம் கேத்தியில், 1949-ல் பதிவான ஊசிக் கம்பெனியின் தொழிற்சாலை இருக்கிறது. ‘போனி’ என்ற பெயரில் தையல் ஊசியும் பின்னல் ஊசியும் வெளிநாடுகளுக்கும் போகின்றன. வெளியூர்க் கடையில் வாங்கும் ஊசி நம் மலையிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

“நீ சும்மாதானே இருக்கிறாய்?”

ஊசியும் நூலுமாக ஊரில் உட்கார்ந்தால் நிச்சயம் எதிர்கொள்ளவேண்டிய ஒரு சங்கடம் உண்டு. “எவ்வளவு அழகாய் இருக்கிறது! நீ சும்மா இருக்கும்போது எனக்கும் ஒன்று பின்னிக் கொடேன்” என்று நாத்தனாரோ சித்தியோ கேட்பார். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அந்தச் ‘சும்மா’வில் ஐம்பது மணி நேரம் அடங்கியிருப்பது அவருக்குத் தெரியாது.

இந்தச் ‘சும்மா’ என்ற சொல் செய்யும் அநியாயத்துக்கு ஆந்திராவிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரமும் சுற்றுவட்டாரமும் குரோஷா ஊசியால் பின்னும் லேஸுக்குப் பெயர் பெற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்கள் மூலம் வந்து வேரூன்றிய தொழில் அது. 2024-ல் புவிசார் குறியீடும் பெற்றது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அங்கே ஆராய்ச்சி செய்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் வரை லேஸ் பின்னிய பெண்களைக்கூட, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் என்றே கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அவர்கள் பின்னிய லேஸ் கப்பலேறி அந்நியச் செலாவணி ஈட்டியது. அவர்கள் கையில் வந்த கூலியோ மிகச் சொற்பம்.

உறவுக்காரர்கள் கேட்பது கூலி வேலை அல்லதான். என்றாலும் உழைப்புக்கு ஒரு அளவு உண்டு என்பதை அவர்களும் அறியவேண்டும். முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவேண்டியதில்லை. “ஸ்வெட்டருக்கு இரண்டு மாதம் ஆகும் அத்தை. நூலை நீங்கள் வாங்கி வையுங்கள், இந்த லீவில் பேரனுக்கு ஒரு குல்லாய் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லிவிடலாம். வாக்குக் கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் தட்டிக் கழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாட்டிக்கும் பங்கு உண்டு

பின்னத் தெரியாதவர்களையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள முடியும். கழியாகக் கிடைக்கும் நூலை பெங்களூரிலேயே உருண்டையாகச் சுற்றிக்கொண்டு போகாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் இரு கைகளிலும் கழியை மாட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சுற்றவேண்டும். கண் மங்கிய பாட்டிக்கும், சும்மா ஓடித் திரியும் பேரனுக்கும் ஏற்ற வேலை. சுற்றிக்கொண்டே எத்தனையோ பழங்கதை பேசலாம்.

நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரம் நெசவுக்குப் பெயர் போனது. அங்கே உறவு உள்ள குடும்பங்களில், நூலைத் தொட்ட மாத்திரத்தில் முறுக்குப் போதுமா போதாதா என்று சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் நூலைக் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். கடைக்காரர் சொல்லாத பல விஷயங்கள் கிடைக்கும். பெரியவருக்கும் மனம் குளிரும்.

கோயிலில் ஒரு பாடம்

மார்ச் மாதத்தில் போகிறவர்களுக்கு நாகலாபுரத்தில் ஒரு விசேஷம் காத்திருக்கிறது. வேதநாராயண சுவாமி மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். மூன்று நாள் சாயங்கால வேளையில் சூரிய கிரணங்கள் கோபுர வாசல் வழியே நுழைந்து மூலவர் மீது விழுகின்றன. முதல் நாள் பாதத்தில், இரண்டாம் நாள் திருமேனியின் நடுப்பகுதியில், மூன்றாம் நாள் சிரசில் என்பது முறை. அதுவும் சில நிமிஷங்களே.

அந்த வேளையில், “இந்த வரிசையை முடித்துவிட்டு வருகிறேன்” என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த வருஷம் வரை காத்திருக்கவேண்டியதுதான். எந்தக் கண்ணியிலும் நிறுத்தக்கூடிய வேலையை எடுத்துப் போகவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஒயர்க் கூடையும் ஆகும்

பின்னல் ஊசி பழகாதவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பின்னிய பிளாஸ்டிக் ஒயர்க் கூடை இன்றும் மவுசு குறையாமல் இருக்கிறது. ஊசி வேண்டாம், வேர்வைக்கும் பயமில்லை. சாதா முடிச்சில் தொடங்கி, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எத்தனையோ தினுசுகள். ஆனால் நீள நீளமாக வெட்டிய ஒயர் ரயிலில் சிக்கலாகும். நாலு பேர் காலில் மாட்டும். அடிப்பாகத்தை வீட்டிலேயே போட்டு முடித்து, ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பக்கங்களை ஏற்றுவதே சரி. முடிந்த கூடையை அம்மா மறுநாளே காய்கறி வாங்க எடுத்துப் போவாள்.

குரோஷா தெரிந்தவர்களுக்கு இன்னும் சௌகரியம். ஒரே ஊசி, ஒரே கண்ணி. கைநழுவினாலும் வரிசை முழுவதும் அவிழாது.

இதெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று ஆண்கள் பத்திரிகையைப் புரட்டிவிட வேண்டாம். தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியில் தக்கீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே குல்லாய் பின்னுவது ஆண்களின் வேலை, சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ரயிலில் இருபது மணி நேரம் ஜன்னலையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்க்கிற நேரத்தில், குமாஸ்தாவும் தொழிலாளியும் ஒரு மப்ளர் தொடங்கினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

புறப்படுமுன் கவனிக்கவேண்டியவை

இரண்டு வேலைகளுக்கு மேல் எடுக்கவேண்டாம். ஒன்று பார்க்காமலே பின்னக்கூடிய பெரிய வேலை. இன்னொன்று இரண்டு மூன்று நாளில் முடியும் சின்ன வேலை. முதலாவது அலுத்தால் இரண்டாவது கைகொடுக்கும்.

புது வேலையை ரயிலில் தொடங்கவேண்டாம். கண்ணி ஏற்றி, நாலு விரற்கடை பின்னி, அளவு சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடவேண்டும்.

நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கவேண்டும். லேபிளில் உள்ள லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரே நிறம் என்று சொல்லப்பட்டாலும் வேறு வேறு சாயத் தொட்டியில் முக்கிய நூல், பின்னிய பிறகு பட்டையாக வித்தியாசம் காட்டும். குறைந்தால் ஊரில் வாங்கலாம் என்று நம்பிப் போகக்கூடாது; ஒரு உருண்டை கூடுதலாகவே இருக்கட்டும்.

எத்தனையாவது வரிசை என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நூலோடு வைக்கவேண்டும். நினைவை நம்பினால் அவிழ்க்க நேரும்.

பின்னலை வைக்கும்போது ஊசி முனையில் தக்கையோ ரப்பரோ செருகவேண்டும். கண்ணி கழலாமலிருக்கும் என்பது ஒரு பக்கம்; குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் கண்ணுக்கும் காலுக்கும் அது பாதுகாப்பு. பையை ஆணியில் மாட்டுவது இன்னும் நல்லது. விமானத்தில் போகிறவர்கள் ஊசியையும் கத்தரியையும் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடுவது வீண் தகராறைத் தவிர்க்கும்.

கடைசியாக, பின்னாமலே ஒரு நாள் கழிந்தால் வருந்தவேண்டாம். மலைக்குப் போன நாள், விருந்து வந்த நாள், அம்மா பழைய போட்டோக்களை எடுத்துப் பரப்பிய நாள் இவற்றில் ஊசிக்கு வேலை இல்லை. ஊசிக்கும் நூலுக்கும் பெங்களூரில் மழைக்கால மாலைகள் இருக்கின்றன. ஊரில் இருக்கும் நாட்களோ எண்ணி வைத்தவை.